பத்து ஆட்டம், ஒரே வெற்றி: கோல்டு கப்பில் குராசோ

2019 ஜூன் 5ஆம் தேதி தாய்லாந்தின் புரிராம் நகரில் இந்தியக் கால்பந்து அணி குராசோ என்ற கரீபியத் தீவின் அணியிடம் 3–1 என்று தோற்றது. தொடரின் பெயர் கிங்ஸ் கப். இகோர் ஸ்டிமாச் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பின் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஆட்டம். இருபது நிமிடம் முடிவதற்குள் ரோலி பொனெவாசியாவும் எல்சன் ஹோயும் ஆளுக்கொரு கோல் அடித்துவிட்டார்கள். சுனில் சேத்ரி பெனால்டியில் ஒன்றைத் திருப்பினார். அந்தச் சூடு ஆறுவதற்குள் லியாண்ட்ரோ பக்குனா மூன்றாவது கோலைப் போட்டார். இந்திய ரசிகர்களில் பலர் அந்தத் தீவின் பெயரையே அன்றுதான் முதன்முறையாகக் கேட்டிருப்பார்கள். ஒன்றரை லட்சம் பேர் மட்டுமே வாழும் தீவிடம் போய்த் தோற்றோமே என்ற ஆற்றாமை எழுந்திருந்தால் அது இயல்புதான். ஆனால் அந்த அணி மூன்று நாள் கழித்து வியட்நாமைப் பெனால்டி ஷூட் அவுட்டில் வென்று கோப்பையோடு புறப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் கோல்டு கப் என்ற வட்டாரக் கோப்பையின் காலிறுதியில் அமெரிக்காவை எதிர்த்து ஆடியது.

2025 நவம்பரில் அதே குராசோ உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றது. உலகக் கோப்பைக்கு இதுவரை தகுதி பெற்ற நாடுகளில் மக்கள்தொகையில் இதுவே மிகச் சிறியது. அதற்கு முன் அந்தப் பெருமை 2018இல் ஆடிய ஐஸ்லாந்திடம் இருந்தது. அங்கே சுமார் மூன்றரை லட்சம் பேர். குராசோவில் சுமார் 1,56,000 பேர்.

இந்தப் பெருமைக்கு அருகில் இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரீபியன் ஆகிய மூன்றையும் ஆளும் கால்பந்துக் கூட்டமைப்பின் பெயர் கான்ககாஃப். அது நடத்தும் வட்டார வாகைப் போட்டிதான் கோல்டு கப். குராசோ அதில் 2017, 2019, 2025 என்று மூன்று முறை ஆடியிருக்கிறது. மொத்தம் 10 ஆட்டம்; 1 வெற்றி, 3 டிரா, 6 தோல்வி. அடித்த கோல் நான்கே நான்கு, வாங்கியது 12. 2026 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றிலும் அந்த அணி ஆடியது சரியாக 10 ஆட்டம்தான். அதில் 7 வெற்றி, 3 டிரா, ஒரு தோல்வி கூட இல்லை. வட்டாரக் கோப்பையில் ஒரே ஒரு ஆட்டத்தை வென்ற அணி உலகக் கோப்பைக்குத் தோல்வியே காணாமல் போனது எப்படி? சின்னத் தீவு ஒன்றின் கால்பந்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை. திறமை எங்கிருந்து வந்தது என்பது பதிலின் ஒரு பாதி. போட்டிகளை யார், எப்படி வடிவமைக்கிறார்கள் என்பது மறுபாதி. பெரும்பாலும் முதல் பாதியைப் பற்றி மட்டுமே பேசப்படுகிறது.

குராசோ வெனிசுவேலாவின் கடற்கரைக்கு வடக்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில் கிடக்கிறது. பரப்பு 444 சதுர கிலோமீட்டர். தலைநகர் வில்லெம்ஸ்டாட். மக்கள் வீட்டிலும் தெருவிலும் பேசுவது பாப்பியமெந்து. பள்ளியிலும் அலுவலகத்திலும் டச்சும் சேர்ந்துகொள்ளும். அரசியல்ரீதியாக அது நெதர்லாந்து முடியாட்சிக்குள் அடங்கிய ஒரு நாடு. 2010 அக்டோபர் 10 வரை அது நெதர்லாந்து அண்டிலிஸ் என்ற தீவுக்கூட்டத்தின் பகுதியாக இருந்தது. அந்தக் கூட்டம் அன்று கலைக்கப்பட்டபோது அண்டிலிஸின் கால்பந்து வரலாறும் ஃபிஃபா உறுப்பினர் இடமும் குராசோவுக்கு வந்து சேர்ந்தன. அருபா முன்பே, 1986இல், தனியாகப் பிரிந்திருந்தது. பொனேர், சின்ட் மார்ட்டன் ஆகிய தீவுகள் கான்ககாஃப் உறுப்பினர்களாக இருக்கின்றன, ஆனால் ஃபிஃபாவில் இல்லை.

அந்த மரபுரிமை வெறும் பெயர்மாற்றம் அல்ல, ஏனென்றால் அதில் மதிப்புள்ள சொத்து இருந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நெதர்லாந்து அண்டிலிஸ் அணி ஆடி, துருக்கியிடம் 2–1 என்று போராடித் தோற்றது. அந்த அணியின் கோல்கீப்பர் எர்கிலியோ ஹாட்டோ. ஐரோப்பிய கிளப்புகள் அழைத்தும் போகாமல் கடைசிவரை அமெச்சூராகவே ஆடியவர் என்று தீவில் இன்றும் சொல்வார்கள். வில்லெம்ஸ்டாட்டில் தேசிய அணி ஆடும் மைதானத்துக்கு அவர் பெயர்தான். 1963இல் கான்ககாஃப் தன் முதல் வாகைப் போட்டியை எல் சால்வடோரில் நடத்தியது. குழு ஆட்டத்தில் அண்டிலிஸ் மெக்சிகோவை 2–1 என்று வீழ்த்தியது. மெக்சிகோ முதல் சுற்றோடு ஊர் திரும்பியது. அண்டிலிஸ் மூன்றாம் இடம் பிடித்தது. 1969இல் கோஸ்டா ரிகாவில் மறுபடியும் மூன்றாம் இடம். குராசோ திடீரென்று எங்கிருந்தோ முளைத்து வந்த அணி என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெளியூர்க் கிளப்புகளின் வசதி எதுவும் இல்லாமல், தீவுகளிலேயே வளர்ந்த ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு வட்டாரத்தின் முதல் மூன்றில் இரண்டு முறை நின்ற அணி அது.

பிறகு சரிவு. 1973இல் ஹைத்தியில் நடந்த போட்டியில் அண்டிலிஸ் மெக்சிகோவிடம் 8–0 என்று தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனது. அதற்கடுத்து வட்டார வாகைப் போட்டியின் பிரதான சுற்றில் அந்த அணியைப் பார்க்க 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 44 ஆண்டுகள்!

இந்த நீண்ட இடைவெளிக்குத் திறமைக் குறைவை மட்டும் காரணம் சொல்ல முடியாது. 1973 முதல் 1989 வரை கான்ககாஃப் வாகைப் போட்டியே உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றாகவும் இருந்தது. ஆறு அணிகளுக்குள் முடிந்துவிடும் இறுதிச் சுற்று அது. 1991இல் கோல்டு கப் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தபோது எட்டு அணிகள். 2000இல்தான் அது பன்னிரண்டாக உயர்ந்தது. அமெரிக்கா, மெக்சிகோ, கனடா, மத்திய அமெரிக்க நாடுகள் போக மிஞ்சும் சில இடங்களுக்குக் கரீபியத் தீவுகள் தங்களுக்குள் முட்டிமோத வேண்டும். ஜமைக்கா, டிரினிடாட், ஹைத்தி, கியூபா போன்ற பெரிய தீவுகளைத் தாண்டி ஒரு சின்னத் தீவு உள்ளே நுழைவது அரிது. தகுதிச் சுற்றில் முதல் இரண்டு ஆட்டத்தில் தோற்றால் கதை முடிந்தது. அடுத்த சுற்று வரும்வரை அதிகாரபூர்வ ஆட்டமே இருக்காது. ஆடாத அணி எப்படி வளரும்? தரவரிசையில் கீழே கிடப்பதால் வலுவான நாடுகள் நட்பு ஆட்டத்துக்கும் அழைக்காது. ஆடாததால் பலவீனம், பலவீனத்தால் ஆட்டமில்லை என்ற சுழலில் கரீபியனின் பாதித் தீவுகள் பல ஆண்டுகள் மாட்டிக்கொண்டிருந்தன.

அதே காலத்தில் தீவின் வாழ்க்கையும் மாறிக்கொண்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் குராசோவைக் கட்டியது ஷெல் நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அது ஆட்குறைப்பைத் தொடங்கியதும் வேலையின்மை வளர்ந்தது. கூலிப் பிரச்சினையில் தொடங்கி 1969 மே 30 அன்று வில்லெம்ஸ்டாட்டின் மையப் பகுதி தீப்பற்றி எரியும் அளவுக்குப் போனது. 1985இல் ஷெல் மூட்டை கட்டியது. டச்சுக் குடியுரிமை கையில் இருந்ததால் குடும்பம் குடும்பமாக மக்கள் நெதர்லாந்துக்குப் புறப்பட்டார்கள். இன்று நெதர்லாந்தில் வாழும் டச்சுக் கரீபியர்களின் எண்ணிக்கை, பிள்ளைகளையும் சேர்த்து, குராசோவின் மொத்த மக்கள்தொகைக்கு ஈடுகொடுக்கும். ரோட்டர்டாம், நைமேகன், ஹ்ரோனிங்கன், டில்பர்க் என்று அந்தப் பிள்ளைகள் வளர்ந்த ஒவ்வொரு நகரத்திலும் தொழில்முறைக் கிளப் ஒன்று உண்டு. அதை ஒட்டி இளையோர் பயிற்சி அகாடமியும் உண்டு. உலகிலேயே ஆட்டக்காரர்களை உருவாக்குவதில் பேர்போன ஒரு அமைப்புக்குள் குராசோவின் அடுத்த தலைமுறை, யாரும் திட்டமிடாமலேயே, போய்ச் சேர்ந்தது.

தீவில் தங்கியவர்களோ பேஸ்பால் பக்கம் போனார்கள். 1989இல் ஹென்ஸ்லி மியூலன்ஸ் அமெரிக்க மேஜர் லீகில் கால்வைத்த பின் அமெரிக்கக் கிளப்புகளின் ஆள்தேடிகள் தீவுக்கு வந்துபோகத் தொடங்கினார்கள். ஆண்ட்ரூ ஜோன்ஸ், கென்லி ஜான்சன், ஓசி ஆல்பீஸ் என்று இத்தனை சிறிய இடத்திலிருந்து போன பெயர்களின் வரிசை வியக்கவைக்கிறது. 2004இல் வில்லெம்ஸ்டாட்டின் பபாவ் அணி சிறுவர்களுக்கான லிட்டில் லீக் உலகத் தொடரையே வென்றது. பேஸ்பாலில் ஆள்தேடுகிறவர் தீவுக்கே வந்தார், பையன் தீவிலேயே வளர்ந்தான். கால்பந்தில் அகாடமி கடலுக்கு அப்பால் இருந்தது, அதனால் குடும்பம் அங்கே போன பையன்தான் வளர்ந்தான். ஒரே தீவு, ஒரே மக்கள். இரண்டு விளையாட்டுகளும் ஆளுக்கொரு கரையில் வேர்விட்டன.

நெதர்லாந்தில் வளர்ந்தவர்களில் தலைசிறந்தவர்கள் நெதர்லாந்து தேசிய அணியின் ஆரஞ்சுச் சட்டை அணிந்தார்கள். தாய்வழியில் குராசோக்காரரான பேட்ரிக் க்ளைவர்ட் அப்படி ஆடி, டச்சு அணிக்கு அதிக கோல் அடித்தவர்களில் ஒருவராக ஓய்வுபெற்றார். வில்லெம்ஸ்டாட்டில் பிறந்த யெட்ரோ வில்லெம்ஸும் நெதர்லாந்துக்கே ஆடினார். அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் டச்சு அணியின் வாசல்வரை போய் உள்ளே நுழைய முடியாமல் நின்றவர்கள் ஏராளம். இரண்டாம் நிலை டச்சுக் கிளப்புகளிலும் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பிலும் தவறாமல் ஆடுகிறவர்கள். கரீபிய வட்டாரத்தில் அந்தத் தரம் மிகப் பெரியது.

இவர்களைத் தீவுக்கு ஆடவைப்பதில் குராசோவுக்கு மற்ற நாடுகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. நெதர்லாந்து, அருபா, குராசோ மூன்றுக்கும் குடியுரிமை ஒன்றே. எந்த ஆட்டக்காரரும் புதிதாகக் கடவுச்சீட்டு வாங்க வேண்டியதில்லை. இப்படிக் குடியுரிமை பொதுவாக உள்ள இடங்களுக்கு ஃபிஃபா தனி விதி வைத்திருக்கிறது: அவர் அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். தாத்தா பாட்டி என்ற அந்தச் சொற்களுக்குள் குராசோவின் பாதி அணி அடங்கிவிடும். டச்சு இளையோர் அணியில் ஆடியது தடையாகாது. 2020இல் விதி இன்னும் தளர்ந்து, 21 வயதுக்கு முன் மூன்று ஆட்டம்வரை ஒரு தேசிய அணிக்கு ஆடியவரும் மூன்று ஆண்டு கழித்து, சில நிபந்தனைகளோடு, மாறலாம் என்று ஆனது. இந்தியாவின் நிலை இதற்கு நேர்மாறு. இரட்டைக் குடியுரிமை இல்லாததால் இந்தியக் கடவுச்சீட்டு இல்லாதவர் இந்தியாவுக்கு ஆட முடியாது. ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்த பிறகுதான் ரயன் வில்லியம்ஸ் 2025இல் இந்திய முகாமுக்குள் வர முடிந்தது. புரிராமில் இந்தியாவைத் தோற்கடித்ததில் இந்தச் சட்ட வேறுபாட்டுக்கும் பங்கு உண்டு.

விதி எப்படி ஒரு தீவின் விதியையே தீர்மானிக்கிறது என்பதற்கு அண்டைத் தீவுகள் சாட்சி. குவாதலூப்பும் மார்ட்டினிக்கும் பிரான்ஸின் பகுதிகள். கான்ககாஃப் உறுப்பினர்கள், ஃபிஃபா உறுப்பினர்கள் அல்ல. அதனால் கோல்டு கப்பில் ஆடலாம், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஆட முடியாது. 2007 கோல்டு கப்பில் குவாதலூப் கனடாவை வென்றது, காலிறுதியில் ஹோண்டுராஸை 2–1 என்று வென்றது, அரையிறுதியில் மெக்சிகோவிடம் 1–0 என்றுதான் வீழ்ந்தது. அணியின் தூண், பிரான்ஸுக்கு ஆடி ஓய்வுபெற்ற ஜோஸ்லின் ஆங்லோமா. அப்போது அவருக்கு 41 வயது. பிரான்ஸுக்கு ஆடி ஐந்து ஆண்டு கடந்தவர் குவாதலூப்புக்கு ஆடலாம் என்று அன்று இடம் இருந்தது. பத்தாண்டு கழித்து, 2017இல், இன்னொரு பிரெஞ்சுப் பகுதியான பிரெஞ்சு கயானா ஃப்ளோரன் மலூடாவைக் களமிறக்கியபோது ஹோண்டுராஸோடு டிராவில் முடிந்த அந்த ஆட்டத்தை 3–0 தோல்வி என்று கான்ககாஃப் மாற்றியது. ஒரு சிறிய தீவு கோல்டு கப்பில் எட்டிய உயரங்களில் குவாதலூப்பின் அந்த அரையிறுதியை நான் குராசோவின் எல்லா வெற்றிகளுக்கும் மேலே வைப்பேன். ஆனால் அந்த அணி அதைக்கொண்டு மேலே எங்கும் போக முடியவில்லை, ஏனென்றால் மேலே கதவே இல்லை.

குராசோவுக்குக் கதவு இருந்தது. 2015இல் க்ளைவர்ட் பயிற்சியாளராக வந்தார். அவர் பெயரைக் கேட்டு நெதர்லாந்திலிருந்த ஆட்டக்காரர்கள் தொலைபேசியை எடுத்தார்கள் என்பதுதான் அவருடைய பெரிய பங்களிப்பு. கோல்கீப்பர் எலோய் ரூம், லியாண்ட்ரோ பக்குனா என்று வரிசையாகச் சேர்ந்தார்கள். 2017 கரீபியன் கோப்பையை அவருக்குப் பின் வந்த ரெம்கோ பிசென்டினியின் அணி வென்றது. மார்ட்டினிக்கில் நடந்த இறுதியாட்டத்தில் ஜமைக்காவை 2–1 என்று வீழ்த்தியபோது இரண்டு கோலையும் அடித்தவர் எல்சன் ஹோய். அந்தக் கோப்பை அதோடு நிறுத்தப்பட்டுவிட்டதால் கடைசி கரீபிய வாகையர் என்ற பட்டம் குராசோவிடமே தங்கிவிட்டது.

அடுத்த மாதமே கோல்டு கப். ஜமைக்கா, எல் சால்வடோர், மெக்சிகோ என்று மூன்று ஆட்டம். மூன்றிலும் 2–0 தோல்வி. ஒரு கோல் கூட இல்லை. ஆனால் எந்த ஆட்டமும் கையைவிட்டு ஓடவில்லை. 1973இல் எட்டு கோல் வாங்கிய மெக்சிகோவிடம் இப்போது இரண்டே வாங்கியது என்று ஆறுதல்பட்டுக்கொள்ள இடமிருந்தது.

2019 வேறு கதை. கோல்டு கப் பதினாறு அணிகளாக விரிந்த ஆண்டு அது. முதன்முறையாகக் கரீபிய மண்ணிலும், கிங்ஸ்டனில், கோல்டு கப் ஆட்டங்கள் நடந்தன. குராசோ அங்கே எல் சால்வடோரிடம் 1–0 என்று தோற்றுத் தொடங்கியது. ஹியூஸ்டனில் ஹோண்டுராஸோடு இரண்டாவது ஆட்டம். பக்குனா இடைவேளைக்கு முன் ஒரு கோல் அடித்தார். அதற்குப் பின் ஹோண்டுராஸ் அடித்த பந்தெல்லாம் ரூமின் கையில் முடிந்தது. 1–0. கோல்டு கப்பில் குராசோவின் முதல் வெற்றி, இன்றுவரை ஒரே வெற்றி.

மூன்றாவது ஆட்டம் லாஸ் ஏஞ்சலிஸில், ஜூன் 25, ஜமைக்காவோடு. ஜமைக்கா 1–0 முன்னிலையில் இருந்தது. 90 நிமிடம் கடந்துவிட்டது. அப்போது தற்காப்பு ஆட்டக்காரர் யூரியன் காரி தொலைவிலிருந்து பந்தை ஓங்கி அடித்தார். அது வலையின் மேல்மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. 1–1, குராசோவுக்கு நான்கு புள்ளி. எல் சால்வடோருக்கும் நான்கு. கோல் வித்தியாசத்தில் அதுதான் முன்னால் இருந்தது. அதே மைதானத்தில் அடுத்து நடந்த ஆட்டத்தில் எல் சால்வடோர் தோற்றால் மட்டுமே குராசோவுக்கு வழி. எதிரில் இருந்தது இரண்டு ஆட்டத்திலும் தோற்று ஏற்கெனவே வெளியேறிவிட்ட ஹோண்டுராஸ். மானத்துக்காக ஆடிய ஹோண்டுராஸ் எல் சால்வடோரை 4–0 என்று நொறுக்கியது, குராசோ காலிறுதிக்குப் போனது. பிலடெல்பியாவில் அமெரிக்கா வெஸ்டன் மெக்கென்னியின் ஒற்றைக் கோலில் தப்பித்தது என்றுதான் சொல்வேன். இரண்டாம் பாதியில் பந்து பெரும்பாலும் குராசோவின் காலில் இருந்தது.

அந்த உயரம் நிலைக்கவில்லை. அதே செப்டம்பரில் ஹைத்தியோடு ஆட அணி போர்ட்-ஓ-பிரின்ஸில் தங்கியிருந்தபோது மாற்று கோல்கீப்பர் ஜைர்சினியோ பீட்டர் விடுதியிலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 31. ஐரோப்பாவில் வளர்ந்தவர்கள் நிரம்பிய அணியில் தீவின் உள்ளூர்க் கிளப்பான சென்ட்ரோ டொமிங்கிட்டோவுக்கு ஆடியவர் அவர். 2020இல் கஸ் ஹிட்டிங்க் பயிற்சியாளரானார். மறு ஆண்டு அவரையே கோவிட் படுக்கவைத்தது. 2021 கோல்டு கப்புக்குத் தகுதி பெற்றிருந்தும், தொடங்குவதற்குச் சில நாள் முன் அணிக்குள் தொற்று பரவி, குராசோ விலக நேர்ந்தது. அந்த இடத்தில் குவாத்தமாலா ஆடியது. 2023இல் தகுதிச் சுற்றிலேயே, குராசோவைவிடவும் சின்ன நாடான செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸிடம் பெனால்டியில் தோற்றது. பெரிய நாட்டுக்கு இப்படி ஒரு கெட்ட வாரம் வந்தால் பத்திரிகைகள் திட்டும், அவ்வளவுதான். சின்னத் தீவுக்கு அது இரண்டாண்டு வனவாசம்.

வனவாசம் இரண்டாண்டோடு முடிந்ததற்குப் போட்டி வடிவமே காரணம். 2018இல் கான்ககாஃப் நேஷன்ஸ் லீக்கைத் தொடங்கியது. 41 உறுப்பினர்களும் ஏறத்தாழ நிகரான பலமுள்ளவர்களோடு மூன்று அடுக்குகளில் ஆட வேண்டும்; அங்கே மேலே வருகிறவர்களுக்குக் கோல்டு கப்பில் இடம். ஒரு ஆட்டத்தில் தோற்றால் ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கும் நிலை போய்விட்டது. முதல் தகுதிச் சுற்றிலேயே குராசோ கிரெனடாவை 10–0 என்று வென்றது. அது பார்க்க அழகான முடிவல்ல. ஆனால் அந்தச் சுற்று இல்லாவிட்டால் கிரெனடாவும் அந்த மாதம் ஆடியிருக்காது. 2024இல் டிக் அட்வோகாட் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். இரண்டாம் அடுக்கில் குழு முதலிடம் பெற்றுக் குராசோ 2025 கோல்டு கப்புக்கு நேராக நுழைந்தது.

2025இல் எல் சால்வடோரோடு 0–0, கனடாவோடு 1–1, ஹோண்டுராஸிடம் 2–1 தோல்வி. கனடாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் ஜெரமி அண்டோனிஸ் அடித்த கோல்தான் அதில் நினைவில் நிற்பது. முதல் சுற்றோடு வெளியே. வெற்றி இல்லாமல் ஊர் திரும்பிய அந்த அணி ஐந்தே மாதத்தில் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வரலாம். கோல்டு கப்பில் குராசோ எதிர்கொண்ட பத்து ஆட்டத்தில் எட்டு, கண்டத்து நாடுகளோடு: மெக்சிகோ, அமெரிக்கா, கனடா, இரண்டு முறை ஹோண்டுராஸ், மூன்று முறை எல் சால்வடோர். மீதி இரண்டு ஜமைக்காவோடு. எல்லாமே வெளியூரில். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் பத்து ஆட்டத்தில் எதிரணிகள் ஹைத்தி, செயின்ட் லூசியா, அருபா, பார்பேடாஸ், பிறகு ஜமைக்கா, டிரினிடாட், பெர்முடா. ஒரு கண்டத்து நாடு கூட இல்லை. பாதி ஆட்டம் சொந்த ஊரில், ஹாட்டோ மைதானத்தில். மெக்சிகோ, அமெரிக்கா, கனடா மூன்றும் போட்டியை நடத்தும் நாடுகளானதால் தகுதிச் சுற்றில் இல்லவே இல்லை. உலகக் கோப்பையும் 48 அணிகளாக விரிந்ததால் இந்த வட்டாரத்துக்கு மேலும் மூன்று நேரடி இடங்கள் கிடைத்தன.

இதைச் சொல்லி குராசோவின் சாதனையைக் குறைப்பது நியாயமில்லை. அதே கதவு ஜமைக்காவுக்கும் திறந்திருந்தது. அதன் மக்கள்தொகை குராசோவைப் போல ஏறக்குறைய பதினெட்டு மடங்கு. வில்லெம்ஸ்டாட்டில் குராசோ 2–0 என்று வென்றது. 2025 நவம்பர் 18 அன்று கிங்ஸ்டனில் ஜமைக்காவுக்கு வெற்றி தேவை, குராசோவுக்கு டிரா போதும். குடும்பக் காரணத்தால் 78 வயது அட்வோகாட் நெதர்லாந்தில் இருந்தார். ஜமைக்கா அடித்த பந்து மூன்று முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இஞ்சுரி டைமில் நடுவர் ஜமைக்காவுக்குப் பெனால்டி கொடுத்து, விஏஆர் என்ற காணொளி மறுஆய்வுத் திரையைப் பார்த்துவிட்டு அதைத் திரும்பப் பெற்றார். 0–0. குராசோ 12 புள்ளி, ஜமைக்கா 11. அதிர்ஷ்டம் இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் கோல் வாங்காமல் ஒரு ஆட்டத்தை முடிக்கும் கலையை இந்த அணி கோல்டு கப்பில்தான் கற்றது என்பது என் கணிப்பு. 2017இல் ஆட்டத்துக்கு இரண்டு கோல் வாங்கியது. 2019இல் நான்கு ஆட்டத்தில் மூன்று. 2025இல் மூன்று ஆட்டத்தில் மூன்று. அமெரிக்காவையும் கனடாவையும் ஒரு கோலோடு நிறுத்தத் தெரிந்த தற்காப்புக்குக் கிங்ஸ்டனின் கடைசி அரைமணி நேரம் புதிய அனுபவம் அல்ல. வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கையில் தெரியாத பயன் இது.

ஆகவே கோல்டு கப்பைத்தான் நான் உண்மையான அளவுகோலாகப் பார்க்கிறேன். ஒரு தீவு மற்றத் தீவுகளைத் தாண்டிவிட்டதா என்பதைத் தகுதிச் சுற்று சொல்லும். கண்டத்து நாடுகளுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறது என்பதைக் கோல்டு கப் மட்டுமே சொல்லும். அந்தக் கணக்கில் குராசோவின் குறை தற்காப்பு அல்ல, தாக்குதல். பத்து ஆட்டத்தில் நான்கு கோல் என்பது எந்த அணியையும் அரையிறுதிக்குக் கொண்டுபோகாது. டச்சு அகாடமிகளில் வளர்ந்து தீவுக்கு ஆட வருகிறவர்களில் நல்ல பின்வரிசை ஆட்டக்காரர்களும் நடுக்களத்தாரும் அதிகம். கோல் அடிப்பதில் உச்சத்துக்குப் போகிறவரை நெதர்லாந்தே வைத்துக்கொள்ளும். தன் தேர்வில் முந்திக்கொள்ளும் உரிமை பெரிய நாட்டிடம் இருக்கும்வரை இந்தப் பற்றாக்குறை விதிகளால் தீராது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற அணியில் ஏறக்குறைய எல்லோரும் நெதர்லாந்தில் பிறந்தவர்கள். வில்லெம்ஸ்டாட்டில் பிறந்து மான்செஸ்டர் யுனைடெட் அகாடமியில் வளர்ந்த டஹித் சோங் விதிவிலக்கு. இது இரவல் அணி என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆலை மூடியதால் கப்பலும் விமானமும் ஏறிய குடும்பத்தின் பேரன், பாட்டியின் ஊருக்கு ஆடுவதில் இரவல் எங்கே இருக்கிறது? தீவு அவர்களை அனுப்பவில்லை, பிழைப்பு அனுப்பியது. லியாண்ட்ரோ பக்குனாவும் ஜுனினியோ பக்குனாவும் ஹ்ரோனிங்கனில் பிறந்த அண்ணன் தம்பி. இருவரும் தேர்ந்துகொண்டது குராசோவை.

ஆனால் தீவிலேயே இருக்கும் பையனுக்கு இதில் என்ன கிடைக்கிறது என்ற கேள்வி வேறு. அது நியாயமான கேள்வி. உள்ளூர் லீக் ஆட்டக்காரர்கள் வேலை முடிந்து மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள். தேசிய அணியின் முதல் பதினொருவரில் அவர்களுக்கு இப்போது இடமே இல்லை. 1963இல் மெக்சிகோவை வென்ற அணி அவர்களைப் போன்றவர்களால் ஆனது. உலகக் கோப்பையில் பங்கேற்பதற்கு ஃபிஃபா தரும் தொகை இப்படிப்பட்ட சிறு சங்கத்துக்கு மிகப் பெரியது. அது பயிற்சியாளர் சம்பளத்திலும் விமானச் சீட்டிலும் கரைந்துபோகுமா, தீவுக்குள்ளேயே ஓர் அகாடமியாக, நல்ல புல்தரைகளாக, முழுநேர இளையோர் பயிற்சியாளர்களாக நிற்குமா என்பதை அடுத்த நான்கைந்து ஆண்டுகளில் பார்க்கலாம். 2017இல் மார்ட்டினிக்கில் இரண்டு கோல் அடித்து இந்தக் கதவையெல்லாம் முதலில் திறந்துவிட்ட எல்சன் ஹோய் வில்லெம்ஸ்டாட்டில் பிறந்தவர். கோல்டு கப்பில் குராசோவின் இரண்டாவது வெற்றியை யார் பெற்றுத்தந்தாலும் கொண்டாடுவேன். அந்தக் கோலை அடிப்பவர் தீவின் லீகிலிருந்து நேராக வந்தவராக இருக்க வேண்டும் என்றே ஆசைப்படுகிறேன்.